நீறணிந்த மஞ்சள் மீன்

நாகப்பட்டினத்தில் ஒரு மஞ்சள் மீன் நான்கு அடியார்களிடம் அகப்பட்டுக்கொண்ட வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். மீன் ஒரு பாவமும் செய்யவில்லை. அடியார்களும் செய்யவில்லை என்பதுதான் இதில் வியப்பு.

அந்நால்வரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நாள்தோறும் காலையில் ஒன்றுகூடிப் பதிகம் ஓதுபவர்கள். தலைவர் சட்டநாதர். குரலுக்கு வைத்தியலிங்கம். தாளத்துக்கு ஆபத்சகாயம். நான்காமவராகிய குஞ்சிதபாதத்துக்குக் குரலும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் இடம் இருந்தது. அவர் தம் மகள் மங்கையர்க்கரசியின் வீட்டில் குடியிருந்தார். அவ்வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம் கூடிற்று. அந்த ஒரு தகுதியால்தான் தம்மை அடியார்களுள் ஒருவராக வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் நன்றாக அறிவார். கூடம் போனால் தாமும் போக வேண்டியதுதான் என்பதையும் அறிவார்.

சொன்ன சொல்லைச் சொன்னபடியே கடைப்பிடிப்பது இக்கூட்டத்தின் விரதம். சொல்லுக்குப் பொருள் தேடுவது ஆணவத்தின் வேலை என்பது சட்டநாதரின் கொள்கை. இவ்விரதத்தால் அவர்கள் முன்பே இரண்டு இடங்களை இழந்திருந்தனர். கோயில் மண்டபத்தில் பாடிய நாளில், ஓதி முடியும்வரை ஒருவரும் குறுக்கே போகக் கூடாது என்று அர்ச்சகர் அறிவித்தார். வைத்தியலிங்கம் அந்த அர்ச்சகரையே சந்நிதிக்குப் போகவிடாமல் மறித்து நின்றார். உச்சிக்காலப் பூசை அன்று பொழுது சாய்ந்த பிறகு நடந்தது. கல்யாண மண்டபத்தில் பாடியபோது, போகும்போது விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டுப் போகும்படி காவலாளி கேட்டுக்கொண்டார். அவர்கள் புறப்பட்ட வேளையில் மேடையில் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் அந்தத் தாலி யார் கழுத்தில் ஏறிற்று என்பது குறித்து இரு வீட்டாருக்கும் இன்றளவும் மனக்கசப்பு உண்டு.

குஞ்சிதபாதத்தின் மாப்பிள்ளை எழிலரசன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். கூடத்தின் மூலையில் அவன் ஓர் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருந்தான். நான்கு தெரு தள்ளிக் கடல் இருக்க, வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல் என்று தெருவே கேட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. தொட்டிக்குள் கொஞ்சம் பாறை, கொஞ்சம் மணல், ஒரே ஒரு மீன். தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், மஞ்சள் அரைத்துப் பூசியது போன்ற மீன். முத்தம் கேட்பது போல் வாயைக் குவித்துக்கொண்டு, பொழுதெல்லாம் பாறையிலும் கண்ணாடியிலும் படிந்த பாசியைக் கொத்திக்கொண்டிருக்கும். ஓதும் இடத்தில் மீனா என்று அடியார்கள் அதற்கு முதுகு காட்டியே உட்காருவது வழக்கம்.

ஒருநாள் எழிலரசனுக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு மாதப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. மனைவியும் உடன் போவதாக ஏற்பாடு. புறப்படும் அன்று அவன் மாமனாரைத் தொட்டியின் முன்னே நிறுத்தினான்.

"நாலே விஷயந்தான் மாமா. இது பாசி தின்கிற மீனு. கண்ணாடியில, பாறையில இருக்கிற பாசியைத் தொடாதீங்க. தினம் காலையில இந்தக் கடற்பாசித் தாள் ஒண்ணு எடுத்து இந்தக் கிளிப்புல மாட்டுங்க. தண்ணி ஆவியாகிக் குறையும், இந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்துங்க. உப்புப் போட வேண்டாம், உப்பு உள்ளேயேதான் இருக்கும். உடம்புல வெள்ளைப் புள்ளி வந்தா மட்டும் உடனே எனக்குச் சொல்லணும். அது வியாதி."

மங்கையர்க்கரசி பெட்டியைப் பூட்டிக்கொண்டே தன் பங்கையும் சொன்னாள்: "அவரு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்ப்பா. இந்த மீனுக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்க கூட்டம் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

மறுநாள் காலையில் குஞ்சிதபாதம் இச்செய்தியை அடியார்களிடம் நடுக்கத்தோடு தெரிவித்தார். அவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றையே பிடித்துக்கொண்டனர். பாசி மட்டுமா உண்ணும் என்று கேட்டார் ஆபத்சகாயம். பாசி மட்டுமே. புழு? தொடாது. இறால்? திரும்பியும் பாராது.

சட்டநாதர் கண்ணை மூடிக்கொண்டார். கடலில் பிறந்து, மீன்களுக்கு நடுவே வளர்ந்து, ஒரு மீனையும் கடிக்காமல் இலை தழை மட்டும் உண்டு வாழ்வது எத்தகைய வைராக்கியம் என்றார். தம் தம்பி மகன் மூன்றாண்டு சென்னையில் இருந்துவிட்டு வந்து முட்டை கேட்டதை எண்ணிப் பார்த்தார். பிறகு எழுந்து, பாயைத் தொட்டியின் பக்கம் திருப்பிப் போட்டார். அன்றுமுதல் அது என்ற சொல் போய், அவர் என்ற சொல் வந்தது.

அடியாருக்கு அமுது படைக்கும் முறையும் அன்றே வகுக்கப்பட்டது. கடற்பாசித் தாளை முதலில் சுவாமிக்கு நிவேதனம் செய்ய வேண்டும். ஓதி முடித்த பின்னர்தான் மீனுக்கு. ஆகவே காலை உணவு நண்பகலில் கிடைத்தது. மீன் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. கண்ணாடியில் இருந்த பாசியைக் கொத்திக் காலம் தள்ளிற்று.

பிரதோஷம் வந்தபோதுதான் முதல் சிக்கல் எழுந்தது.

"நாமெல்லாம் மாலைவரை பட்டினி. அடியார் ஒருவர் மட்டும் நம் கண்ணெதிரே உண்பது முறையா?" என்றார் சட்டநாதர்.

"தாள் மாட்டாமல் இருந்துவிடலாமே," என்றார் ஆபத்சகாயம்.

"தினமும் மாட்டச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை," என்றார் குஞ்சிதபாதம்.

"மாட்டுவோம். கிளிப்பில் மாட்டச் சொன்னார். கிளிப்பைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னாரா?" என்றார் சட்டநாதர்.

சொல்லவில்லை. ஆகவே தாள் கிளிப்பில் மாட்டப்பட்டது. கிளிப் காலண்டர் ஆணியில் மாட்டப்பட்டது. மீன் அதைத் தொலைவிலிருந்து தரிசித்தது.

ஆனாலும் கண்ணாடியில் பாசி இருந்தது. விரத நாளில் அடியார் தம்மை மறந்து ஒருவாய் மேய்ந்துவிட்டால் நோன்பு கெட்டுவிடுமே என்று வைத்தியலிங்கம் உருகினார். சோதனையைக் கண்ணெதிரே வைத்துவிட்டு விரதம் காக்கச் சொல்வது கொடுமை என்று எல்லாருக்கும் தோன்றிற்று. பாசியைத் தொடக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பதைக் குஞ்சிதபாதம் மெல்ல நினைவூட்டினார்.

"தொட வேண்டாம்," என்றார் சட்டநாதர். "நீளக் குச்சியில் துணியைச் சுற்றித் தேய்த்தால் நம் கை அதில் படாது."

அன்று மாலைக்குள் தொட்டி புதிதாகக் கடையிலிருந்து வந்தது போல் பளபளத்தது. பாறையைக்கூட விட்டுவைக்கவில்லை. பிரதோஷத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சட்டநாதர் சோமவாரமும் இருப்பார், சதுர்த்தியும் இருப்பார், கார்த்திகையும் சஷ்டியும் இருப்பார். இன்ன விரதம் என்று பெயர் தெரியாத நாட்களில் பெயர் தெரியாமலே இருப்பார். மீனும் உடன் இருந்தது. அதன் வயிறு உள்ளே ஒட்டிற்று. மஞ்சள் நிறம் வெளுத்தது. தவம் பலிக்கிறது என்றார்கள். குஞ்சிதபாதத்துக்கு மட்டும் மகளின் முகம் மனக்கண்ணில் தோன்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் போன பின்பு அவர் பாதித் தாளைக் கிள்ளி யாருக்கும் தெரியாமல் தண்ணீரில் போடுவார். போட்டுவிட்டு, ஒரு விரதத்தைக் கெடுத்த பாவத்துக்காகத் தம் இரவு இட்டிலியில் ஒன்றைக் குறைத்துக்கொள்வார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை. தொட்டி விளக்கைப் போட்ட குஞ்சிதபாதம் திடுக்கிட்டார். மீனின் உடம்பெங்கும், தூள் உப்பைத் தூவியது போல் வெள்ளை. அவர் கை தானாகவே கைப்பேசியைத் தேடிற்று. அதற்குள் சட்டநாதர் மற்ற இருவரோடும் வந்துவிட்டார்.

"பொறும். உம் மாப்பிள்ளை சொன்னது என்ன?"

"வெள்ளைப் புள்ளி வந்தால் சொல்ல வேண்டும்."

"புள்ளி என்றால் எண்ணலாம். எண்ணும், பார்ப்போம்."

குஞ்சிதபாதம் எண்ணினார். மீன் திரும்பிக்கொண்டது. மறுபடி தொடங்கினார். அது பாறைக்குப் பின்னே போய்விட்டது. நால்வரும் பக்கத்துக்கு ஒருவராக நின்று எண்ணியும் கணக்குச் சேரவில்லை.

"எண்ண முடியாதது புள்ளி அன்று, பூச்சு," என்றார் சட்டநாதர்.

"என்ன பூச்சு?" என்றார் ஆபத்சகாயம்.

சட்டநாதர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வைத்தியலிங்கம் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அரை மாத காலம் பட்டினி கிடந்து பதிகம் கேட்ட மீன், ஒருவரும் தீட்சை கொடுக்காமல் தானே நீறு அணிந்துகொண்டது. அதுவும் நெற்றியில் மட்டும் அன்று, மேனி முழுவதும்.

அந்த நேரம் பார்த்து மீன் சாய்ந்து பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு உருண்டது. மறுபடியும் தேய்த்தது.

"அங்கப்பிரதட்சிணம்," என்று ஆபத்சகாயம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலையில் எழிலரசன் கைப்பேசியில் அழைத்தான். மீன் எப்படி இருக்கிறது என்றான். மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது என்றார் குஞ்சிதபாதம். புள்ளி ஏதாவது என்று கேட்டான். புள்ளி இல்லை என்றார். அது பொய்யன்று என்று தமக்குத் தாமே பலமுறை சொல்லிக்கொண்டார்.

நீறணிந்த அடியாரை வெறுமே பார்த்துக்கொண்டிருக்கலாமா? அபிஷேகம் செய்வதென்று முடிவாயிற்று. பால், தயிர், பஞ்சாமிர்தம் என்று ஆபத்சகாயம் அடுக்கியபோது குஞ்சிதபாதம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்: நல்ல தண்ணீர் ஊற்றத்தான் உத்தரவு, வேறு எதற்கும் இல்லை. சொன்ன சொல் என்பதால் சட்டநாதர் பணிந்தார். மீன் பிழைத்தது அந்த ஒரு சொல்லால்.

ஆனால் தண்ணீர் கோட்டைத் தாண்டக் கூடாதே? அதற்கும் வழி கண்டார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு சொம்பு நீரை மொண்டு வெளியே எடுப்பது. உடனே ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றுவது. கோடு அசையவில்லை. எடுத்த நீரை வீணாக்க மனம் வருமா? தீர்த்தம் என்று ஆளுக்கு ஓர் உத்தரணி உட்கொண்டார்கள். முதல் நாள் அதைக் குடித்த வைத்தியலிங்கத்தின் முகம் கோணிற்று. பக்தியால் அதை நிமிர்த்திக்கொண்டார். நாட்கள் செல்லச் செல்ல உப்பு குறைந்தது. அடியாரின் கருணையால் தீர்த்தம் இனிக்கத் தொடங்கிவிட்டது என்று நால்வரும் மகிழ்ந்தனர்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், மீனின் மேனியில் வெள்ளை ஒரு துளியும் இல்லை. மஞ்சள் மின்னிற்று. சுறுசுறுப்பாக மேலும் கீழும் நீந்தி, காலண்டர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் இழவு விழுந்தது போல் ஆயிற்று.

உடம்பில் வெள்ளை எதுவும் இல்லை என்பதைக் குஞ்சிதபாதம் மாப்பிள்ளைக்கு அழைத்துச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம் மாமா," என்றான் அவன். இரண்டு நாளில் வந்துவிடுவோம் என்றும் சொன்னான்.

"ஓர் அடியார் நீற்றைத் துறந்ததில் உம் மாப்பிள்ளைக்கு இத்தனை மகிழ்ச்சியா?" என்றார் சட்டநாதர். பிறகு தம் முடிவை அறிவித்தார். நீறு அணிந்து பின் அழித்தவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஓதுவது கூடாது. ஒன்று, அவரைத் திரும்ப நெறிப்படுத்த வேண்டும். இல்லையேல் கூட்டம் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் குஞ்சிதபாதத்துக்கு வேலை இராது என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இதுவரை குஞ்சிதபாதம், மகள் துரத்திவிடுவாளோ என்று அஞ்சினார். இப்போது அடியார்களே எழுந்து போகிறோம் என்கிறார்கள். அவர் சிந்தித்துச் சிந்தித்து, தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு யோசனை சொன்னார். மீன் கெட்டது தனிமையால் இருக்கலாம். நீறணிந்த இன்னொரு மீனின் இணக்கம் கிடைத்தால் மனம் திரும்பும். சட்டநாதர் அவரைப் புதிய கண்களால் பார்த்தார்.

பேருந்து நிலையத்துக்கு அருகே கமாலுதீன் என்பவர் வண்ணமீன் கடை வைத்திருந்தார். நால்வரும் அங்கே சென்று நடந்ததையெல்லாம் விரித்துரைத்தனர். கமாலுதீன் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, அது நீறு இல்லீங்க, ஒட்டுண்ணி. மீனையே கொன்னுடும். நீங்க தினம் உப்பைக் கொறச்சுக்கிட்டே வந்தீங்க பாருங்க, அதுல அந்தப் பூச்சி செத்துப்போச்சு. வைத்தியம் தெரிஞ்சவன் செய்யிறதும் அதேதான். உங்க மீனு பொழச்சிடிச்சு. இனிமே வயிறு நிறையத் தீனி போடுங்க, பாசியைச் சுரண்டாதீங்க, உப்பைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம். வேற ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்குப் போங்க."

குஞ்சிதபாதம் ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டார். மீன் நலம், கூடம் நலம். வீட்டுக்குத் திரும்பியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் மற்ற மூவரும் கமாலுதீன் சொன்னதைக் கேட்கவில்லை. அடுத்த தொட்டியின் முன்னே கைகூப்பி நின்றார்கள். அதற்குள் கரும்பழுப்பில் ஒரு தடித்த மீன், கீழுதடு துருத்த, ஆடாமல் அசையாமல் இருந்தது. அதன் மேனியெங்கும் வெள்ளைப் பொட்டுகள்.

"இவருடைய வெள்ளை எப்போது போகும்?" என்றார் சட்டநாதர்.

"அது எங்க போவும்? பொறவியிலேயே அப்பிடித்தான்."

கருவிலே திருவுடையவர் என்று வைத்தியலிங்கம் முணுமுணுத்தார்.

"என்ன உண்பார்?"

"வாயில அடங்குற எதையும் விடாது."

அளவறிந்து உண்பவர் என்று ஆபத்சகாயம் வியந்தார்.

கமாலுதீன் நேர்மையானவர். தனித் தொட்டி இருந்தால்தான் தருவேன் என்றார். தொட்டி எதையும் ஒட்டாமல் கூடத்தின் மூலையில் தனியாகத்தான் நிற்கிறது என்று சட்டநாதர் உறுதி கூறினார். அடியார் பிளாஸ்டிக் பையில் எழுந்தருளினார்.

வீட்டில் குஞ்சிதபாதம் ஒரு முன்னெச்சரிக்கை செய்தார். புதியவரின் வாயையும் மஞ்சள் மீனின் அகலத்தையும் கண்ணாடிக்கு வெளியே விரலால் அளந்து பார்த்தார். மூடியிருந்த வாய் ஒரு கோடு போல் இருந்தது. மீனோ உள்ளங்கை அகலம். அடங்காது என்று தெளிந்து உறங்கப் போனார்.

விடிந்ததும் மாப்பிள்ளையும் மகளும் வந்து இறங்கினர். அடியார்கள் மூவரும் அதற்கு முன்பே வந்து அமர்ந்திருந்தனர். தொட்டியில் ஒரே மீன் இருந்தது. முன்தினம் இருந்ததைவிட நன்றாகப் பருத்திருந்தது.

எழிலரசன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "மாமா, என் மீனு எங்க?"

குஞ்சிதபாதம் சட்டநாதரைப் பார்த்தார். சட்டநாதர் தொட்டியைப் பார்த்துக் கைகூப்பினார். வேறு வழியில்லாமல் குஞ்சிதபாதமே சொன்னார்.

"இரண்டறக் கலந்துவிட்டார், மாப்பிள்ளை."

எழிலரசன் பெட்டியின் மீதே உட்கார்ந்துவிட்டான். மங்கையர்க்கரசி தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தாள். நாகப்பட்டினத்தில் வளர்ந்தவளுக்கு அடையாளம் தெரியாதா?

"ஏம்ப்பா, குழம்புக்குப் போடுற களவாவைக் கொண்டாந்து விட்டிருக்கீங்களே," என்றாள். "இதை எடுத்துக்கிட்டுப் போயி கடையிலேயே விடுங்க. உங்க கூட்டமும் அப்படியே போயிடட்டும்."

அவ்வாறே ஒரு வாளியில் தொட்டி நீரோடு களவா ஏறிற்று. ஆபத்சகாயம் தாளம் போட, வைத்தியலிங்கம் பாட, சட்டநாதர் முன்னே நடந்தார். வாளியைச் சுமந்தவர் குஞ்சிதபாதம். கூடம் போயிற்று; இந்த வாளியைக் கீழே வைத்ததும் தமக்குக் கூட்டமும் போய்விடும் என்று எண்ணி மிக மெதுவாக நடந்தார்.

தெரு முனையில் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த மீன்காரச் செல்லக்கிளி வாளியை எட்டிப் பார்த்தாள். "களவாவா சாமி? ஒண்ணுதானா?"

"ஒருவர் அல்லர் அம்மா, இருவர்," என்றார் குஞ்சிதபாதம். "இன்னொருவர் இவருடைய வயிற்றுக்குள் இருக்கிறார்."

"அட, சினையா இருக்குதா?" என்றாள் அவள்.

நால்வரும் நடுத்தெருவில் நின்றுவிட்டனர். சட்டநாதர் வாளியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். உள்ளே போனவர் வெளியே வரப்போகிறார் என்பது மெல்ல மெல்ல எல்லாருக்கும் விளங்கிற்று. அப்படியானால் கடைக்குக் கொண்டுபோவது எப்படித் தகும்? கருவுற்றவரைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதன்றோ முறை? தாய்வீடு நான்கே தெரு தள்ளி அலையடித்துக்கொண்டிருந்தது. வழியில் கண்ணாடி வளையல் வாங்கினார்கள். கையில்லாதவர்க்கு வளையல் எங்கே போடுவது என்று வைத்தியலிங்கத்துக்கும் ஆபத்சகாயத்துக்கும் கடற்கரை வரை வாக்குவாதம் நடந்தது. வாளிக்குள் போட்டுவிட்டால் அவரே பார்த்து மாட்டிக்கொள்வார் என்று சட்டநாதர் தீர்த்துவைத்தார். களவா வளையல்களோடு கடலில் இறங்கிற்று; ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் போயிற்று. முதல் பிரசவத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான், கூச்சம் என்றார் ஆபத்சகாயம்.

நல்ல செய்தி வரும்வரை கடற்கரையிலேயே கூடி ஓதுவதென்று முடிவாயிற்று. பிள்ளையைக் கொண்டுசேர்க்கக் குஞ்சிதபாதத்தின் வீடு வேண்டும் என்பதால் அவரை விலக்குவதற்கில்லை.

குஞ்சிதபாதம் வெறும் வாளியோடு, முகம் மலர வீடு வந்து சேர்ந்தார். எழிலரசன் இன்னும் பெட்டியின் மீதுதான் உட்கார்ந்திருந்தான்.

"கவலையை விடுங்கள், மாப்பிள்ளை. தொட்டியைத் தயாராக வையுங்கள், பாசியும் வளரட்டும்," என்றார். "தலைவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினார். குழந்தை மஞ்சளாகப் பிறந்தால் உங்களுடையது. புள்ளியோடு பிறந்தால் கூட்டத்தினுடையது. பின்னால் மனத்தாங்கல் வராமல், இதை இப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது."